தெரியாத கெழு

(வெள்ளி விழாவின் மாலை நிகழ்ச்சியான மாணவர் அரங்கில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என் இல்லத்திற்கு வந்து, "ஐயா, கல்வியின் சிறப்பைப் பற்றித் தாங்கள் பேசவேண்டும்" என்று கேட்டுக்கொண்டனர். கல்வியின் சிறப்பைப் பற்றி இம்மேடையில் காலையிலிருந்து ஐவர் பேசிவிட்டனர். ஐவரும் நன்றாகவே பேசினர். ஆறாவது ஆளாக நானும் அதனையே பேசினால், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பிமார் மெல்ல எழுந்து தேநீர்க் கடைக்குச் சென்றுவிடுவர். ஆகவே, "எனக்கு ஒரு கரும்பலகையும் இரண்டு சுண்ணக்கட்டிகளும் கொடுங்கள், ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்" என்றேன். குழுவினர் சற்றே தயங்கினர். எனினும் பலகை வந்துவிட்டது. அவர்களுக்கு என் நன்றி.

நம் சங்கத்தின் மாலை நேர வகுப்பில் ஓய்வு பெற்றது முதல் கணிதம் கற்பித்து வருகின்றேன். மாணவர்களின் பயிற்சி ஏடுகளைத் திருத்தும்போது ஒன்றைக் கண்டேன். காரணிப்படுத்துக என்று கேட்டால் நன்றாகவே செய்கின்றனர். சமன்பாட்டைத் தீர்க்க என்றால் தீர்க்கின்றனர். "காரணிகளாகப் பிரியுமாயின் கெழுவின் மதிப்பைக் காண்க" என்று வந்துவிட்டால் மட்டும் அவ்விடம் வெறுந்தாளாக இருக்கின்றது. தவறாகப் போட்டிருந்தாலாவது திருத்தலாம். வெறுந்தாளை எவ்வாறு திருத்துவது? ஒரு மாணவனை அழைத்துக் காரணம் கேட்டேன். "தெரியாத எண்ணே ரெண்டு இருக்குதுங்க ஐயா, மூணாவதா இன்னொண்ணும் தெரியாம இருந்தா எதை வெச்சுப் போடறது?" என்றான். நியாயமான கேள்வி. அக்கேள்விக்கு விடை கூறவே இப்பலகையின் முன் நிற்கின்றேன்.

முதலில், தெரியாத எண்கள் யாவும் ஒரே இனத்தவை அல்ல. இராசிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மரவள்ளி பயிராவதையும், கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்வதையும் நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். ஆலையில் எடையை மட்டும் பார்த்து விலை கொடுப்பதில்லை. கிழங்கிலுள்ள மாவுச்சத்தைச் சோதித்து, 'பாயிண்ட்' என்று ஓர் எண்ணைக் கூறுவர். ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று பேசி டன் விலையைக் கணக்கிடுவர். வண்டிக்கு வண்டி எடை மாறும். அது மாறி. ஒரே காட்டுக் கிழங்கிற்கு, அன்றைய ஒரு நாளில், எடையைப் பெருக்கும் டன் விலை மாறாது. அதுவே கெழு. மாறி எந்த மதிப்பையும் ஏற்கும். அதனைக் 'கண்டுபிடிக்க' வேண்டிய தேவையே இல்லை. கெழு ஒரு குறிப்பிட்ட எண்; நமக்கு அது இன்னும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். ஆகவே நம் மாணவன் எண்ணியதுபோல் அக்கணக்கில் தேடவேண்டியவை மூன்று அல்ல, ஒன்றே.

என் தந்தையார் வண்டியில் கிழங்கு ஏற்றும் கூலியாக இருந்தவர். எழுத்தறியாதவர். எந்த வண்டியில் எத்தனை மூட்டை, எவ்வளவு எடை என்பதை வார இறுதி வரை நினைவில் வைத்திருப்பார். மூட்டைக்கு என்ன கூலி என்பதை மட்டும் அவர் கேட்டதில்லை. கணக்கர் கொடுத்ததை வாங்கி வருவார். ஒரு நாள் 40 மூட்டைக்கு ஒரு தொகையும், மறுநாள் 55 மூட்டைக்கு வேறொரு தொகையும் கொடுத்தால், இரண்டையும் தனித்தனியே வகுத்துப் பார்த்தாலே கூலி விகிதம் வெளிப்பட்டுவிடும். இரு நாளும் ஒரே எண் வரவில்லையெனில் எங்கோ பிழை இருக்கின்றது என்பதும் வெளிப்பட்டுவிடும். எண்ணை ஒருவரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், மற்றவை அதனைச் சொல்லிவிடும். இன்றைய கணக்கின் உயிர்நிலை இதுதான்.

இப்போது பலகைக்கு வருவோம். நீங்கள் வகுப்பில் எக்ஸ், ஒய் என்று எழுதுகின்றீர்கள். அவ்வாறு எழுதும் வழக்கத்தை 1637ஆம் ஆண்டு வெளிவந்த தம் வடிவியல் நூலில் நிலைநாட்டியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் டெகார்ட். தெரியாக் கெழுக்களை எழுத்துகளாக வைத்து, பின்னர் ஒப்பிட்டுக் காணும் முறையையும் அந்நூலிலேயே அவர் கையாண்டுள்ளார். அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1150ஆம் ஆண்டில், பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் தெரியாத எண்களுக்கு யாவத்தாவத், காளகம், நீலகம் என்று பெயரிட்டு, அவற்றின் முதலெழுத்துகளால் குறித்தார். வடமொழியில் இருந்த அந்நூல்கள் நம் முன்னோரின் கைக்கு எட்டியவை அல்ல, எட்டவிடப்பட்டவையும் அல்ல. தமிழில் 1855ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்தில் கறோல் விசுவநாத பிள்ளை 'வீசகணிதம்' என்னும் நூலை எழுதினார். இன்று நாம் பாஸ்கரரிடமிருந்தே இரண்டு எழுத்துகளைக் கடன் வாங்கிக்கொள்வோம். 'ய' ஒரு மாறி. 'ந' மற்றொரு மாறி. கெழுவைக் 'க' என்போம்.

2ய² + 3யந − 2ந² + 7ய − ந + க

இக்கோவை இரண்டு ஒருபடிக் காரணிகளாகப் பிரியுமாயின், 'க'வின் மதிப்பு யாது? (மாறி ஒட்டாத தனி எண்ணை மாறிலி என்பர், பேச்சின் எளிமைக்காக அதனையும் இங்குக் கெழு என்றே கூறுகின்றேன். கணித ஆசிரியர்கள் பொறுத்தருள்க.)

இவ்வினாவில் மிகச் சிறந்த சொல் எது? 'பிரியுமாயின்' என்பதுதான். மாணவர்கள் அதனை வெறும் அலங்காரச் சொல்லாகக் கருதிக் கடந்து விடுகின்றனர். அதுவே கணக்கில் கொடுக்கப்பட்டிருக்கும் செல்வம். 'க'வுக்கு எந்த எண்ணை வைத்தாலும் இக்கோவை பிரிந்துவிடாது. பிரிய வேண்டும் என்ற நிபந்தனையே அந்த எண்ணைக் காட்டிக் கொடுக்கும்.

முதல் மூன்று உறுப்புகளை மட்டும் பாருங்கள்: 2ய² + 3யந − 2ந². இவற்றில் 'க' இல்லை. இது (ய + 2ந)(2ய − ந) என்று பிரியும். பெருக்கிப் பாருங்கள்: 2ய² − யந + 4யந − 2ந². சரி. முழுக் கோவையின் காரணிகளும் இந்த இரண்டையே தலையாகக் கொண்டிருத்தல் வேண்டும். வாலில் ஆளுக்கொரு எண் ஒட்டியிருக்கும், அவ்வளவே. அவ்வெண்களை நாம் அறியோம். அறியாவிட்டால் என்ன? பெயர் வைத்துவிடுவோம்.

(ய + 2ந + ப)(2ய − ந + த)

இதனைப் பெருக்கினால் 'ய'வின் கெழு த + 2ப ஆகும். 'ந'வின் கெழு 2த − ப ஆகும். மாறி இல்லா உறுப்பு பத ஆகும். வினாவில் 'ய'வின் கெழு 7, 'ந'வின் கெழு −1. எனவே,

த + 2ப = 7
2த − ப = −1

இவை ஒன்பதாம் வகுப்பிலேயே நீங்கள் தீர்த்துப் பழகிய ஒருங்கமை சமன்பாடுகள். இரண்டாவதிலிருந்து ப = 2த + 1. முதலாவதில் இட்டால் 5த + 2 = 7; த = 1, ப = 3. ஆகவே க = 3 × 1 = 3. காரணிகள் (ய + 2ந + 3), (2ய − ந + 1).

இந்த விடை சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். யாரையும் கேட்கவேண்டாம். 'ய'வுக்கு 10, 'ந'வுக்கு 1 என்று வைத்துப் பாருங்கள். கோவையின் மதிப்பு 200 + 30 − 2 + 70 − 1 + 3, அதாவது 300. காரணிகள் 15, 20. பெருக்கினால் 300. ஒரு முறை ஒத்ததனால் முற்றிலும் உறுதியாகிவிட்டது என்று கொள்ளலாகாது. முழுமையாகப் பெருக்கிப் பார்ப்பதே முறை. ஆயினும் தேர்வுக் கூடத்தில் நேரம் குறைவாயிருக்கும்போது இச்சோதனை பெரும்பாலும் பிழையைப் பிடித்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகின்றேன். அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுமாறு ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். மற்ற மாணவர்கள் தங்கள் உணவுப் பெட்டிகளைப் பலகையின் பின்புறம் வைத்திருந்தனர். சிறுவன் பீமராவ் பலகையை நெருங்கினால் உணவு தீட்டாகிவிடும் என்று கூச்சலிட்டு, அவர் வருமுன்னே ஓடிச் சென்று பெட்டிகளை அகற்றினர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். அவர் 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறினார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி நூல் 1923ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. எண்ணைக் கண்டு அஞ்சிய ஒருவர் எழுதக்கூடிய நூல் அன்று அது. கரும்பலகையைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்த உணவுப் பெட்டிகள் நினைவுக்கு வரும்.

நான் பயின்ற நாளில் பெட்டிகளை யாரும் அகற்றவில்லை. வேறொன்று நடந்தது. அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் இரு பிரிவாக இருந்தது. ஒன்று எளியது, மற்றொன்று இயற்கணிதமும் வடிவியலும் விரிவாகக் கொண்டது. பொறியியலுக்கோ பாலிடெக்னிக்குக்கோ செல்ல விரும்புவோர்க்கு இரண்டாவதுதான் வழி. எங்கள் தெருவிலிருந்து சென்ற நால்வரையும் ஆசிரியர் ஒருவர் கேளாமலேயே எளிய பிரிவில் எழுதிக்கொண்டார். "உங்களுக்கு இது போதும்ப்பா, தேறிடலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. நான் மட்டும் தலைமையாசிரியரிடம் சென்று அழுது பிரிவு மாறினேன். மற்ற மூவரும் என்னைவிட விரைவாக மனக்கணக்குப் போடுபவர்கள். அவர்கள் மாறவில்லை. அவர்களில் ஒருவர் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கின்றார். அவருடைய பேத்தி என் மாலை வகுப்பில் பயில்கின்றாள்.

அக்குழந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். சென்ற ஆண்டு அவளுக்கு மற்றொரு கணக்கைக் கொடுத்தேன். அதே கோவைதான், தெரியாத கெழுவின் இடம் மட்டும் மாறியது.

2ய² + 3யந − 2ந² + 7ய + கந + 3

தலைகள் அவையே. த + 2ப = 7 என்பதும் மாறவில்லை. இம்முறை பத = 3 என்பது தெரியும்; 2த − ப என்பதே 'க'. த = 7 − 2ப என்று எழுதி இட்டால் ப(7 − 2ப) = 3; அதாவது 2ப² − 7ப + 3 = 0. இது (2ப − 1)(ப − 3) = 0 என்று பிரியும். ப = 3 எனில் த = 1, க = −1; நாம் முன்பு கண்ட கோவையே இது. ப = ½ எனில் த = 6; அப்போது க = 12 − ½, அதாவது 23/2. இரண்டு விடைகள்!

அவள் இரண்டையும் கண்டிருந்தாள். ஆனால் இரண்டாவதன்மேல் குறுக்குக் கோடு இழுத்து அடித்துவிட்டிருந்தாள். "ஏன் கண்ணு அடிச்சே?" என்றேன். "கைடுல பின்னாடி −1 மட்டும்தாங்க ஐயா போட்டிருக்குது, அரை, இருபத்து மூணு எல்லாம் வந்ததால நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சேன்" என்றாள். நான் அவளிடம் (ய + 2ந + ½)(2ய − ந + 6) என்பதைப் பெருக்கச் சொன்னேன். 2ய² + 3யந − 2ந² + 7ய + (23/2)ந + 3 வந்தது. கைடில் இல்லாத விடை, அவள் கையில் இருந்தது. வினாவில் முழு எண் என்று குறிப்பிட்டிருந்தால் −1 மட்டும் போதும், குறிப்பிடவில்லை. அச்சிட்டவர் ஒன்றோடு நின்றுவிட்டார். அச்சில் இருப்பதால் அது சரியென்றும், தான் எழுதியதால் இது தவறென்றும் அக்குழந்தை தீர்ப்பளித்துக்கொண்டதே, அதுதான் என்னை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. இந்த மேடையில் இக்கணக்கைப் போடவேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

இன்னொரு வழியும் உண்டு. மேல்நிலை வகுப்பு மாணவர்கள் இதனைக் கவனிக்க. முதற்கோவையை 'ய'வின் இருபடிக் கோவையாக மட்டும் கருதி, 'ந'வை ஓர் எண்ணைப்போல் ஓரமாக வையுங்கள்.

2ய² + (3ந + 7)ய + (−2ந² − ந + க)

இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டியை அறிவீர்கள். இங்கு அது (3ந + 7)² − 8(−2ந² − ந + க). விரித்துச் சுருக்கினால் 25ந² + 50ந + 49 − 8க. காரணிகள் ஒருபடியாக அமைய வேண்டுமெனில் இதன் வர்க்கமூலம் தடையின்றி வெளிவர வேண்டும். அதாவது இது முழு வர்க்கமாக இருத்தல் வேண்டும். 25ந² + 50ந என்று தொடங்கும் முழு வர்க்கம் 25(ந + 1)² ஒன்றே. எனவே 49 − 8க = 25; க = 3. மீண்டும் அதே விடை. வேறு வழியாக நடந்து வந்தும் அதே ஊரை அடைந்தோம். பதினோராம் வகுப்பில் 'இரட்டை நேர்க்கோடுகள்' என்னும் பகுதியில் ஐந்து உறுப்புகள் கொண்ட நீண்ட நிபந்தனை ஒன்றை மனப்பாடம் செய்கின்றீர்கள் அன்றோ? அது இந்தத் தன்மைகாட்டி நிபந்தனையின் மறுவடிவமே. அதில் இட்டாலும் 3 தான் வரும். வாய்பாடு மறந்துபோனால் அஞ்சவேண்டாம். இவ்வழியில் நீங்களே அதனை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். ஒருமுறையேனும் ஆக்கிப் பார்த்தவனுக்கு அது மறப்பதுமில்லை.

'இரட்டை நேர்க்கோடுகள்' என்று ஏன் பெயர் வந்தது? நம் கோவையைச் சுழிக்குச் சமமாக்கி வரைபடத் தாளில் வரைந்தால், க = 3 ஆக இருக்கும்போது இரண்டு நேர்க்கோடுகள் கிடைக்கும். அவை (−1, −1) என்னும் புள்ளியில் ஒன்றையொன்று வெட்டும். 'க'வைச் சற்றே மாற்றி 4 என்று வையுங்கள். கோடுகள் மறைந்து, ஒன்றையொன்று தொடாத இரண்டு வளைவுகளாகிவிடும். அதனை அதிபரவளையம் என்பர். 2 என்று வைத்தாலும் அவ்வாறே. வளைவுகள் மட்டும் எதிர்ப் பக்கங்களுக்குச் சென்றுவிடும். எண்ணற்ற மதிப்புகளுள் 3 ஒன்றில்தான் அவ்விரு கோடுகளும் நேராக நின்று சந்திக்கின்றன. பொழுது சாய்ந்துவிட்டது, இல்லையேல் வரைந்தே காட்டியிருப்பேன். நாளை வரைபடத் தாளில் நீங்களே வரைந்து பாருங்கள்.

இம்முறைகளுக்கு எல்லையும் உண்டு. முதல் மூன்று உறுப்புகள் பிரியாத இடத்தில் முதல் வழி தொடங்கவே தொடங்காது. முதல் மூன்று உறுப்புகளிலேயே 'க' வந்து அமர்ந்துகொண்டால் தன்மைகாட்டி வழியே கைகொடுக்கும். கணக்கும் சற்று நீளும். அவற்றை வகுப்பில் பார்த்துக்கொள்வோம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு அமர்கின்றேன்.

3ய² + 7யந + 2ந² + கய + 5ந + 3

இது இரண்டு ஒருபடிக் காரணிகளாகப் பிரியுமாயின், 'க' யாது? விடை ஒன்றா, இரண்டா என்பதை நான் கூறப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் வகுப்பு. ஏட்டில் போட்டு, பெருக்கிச் சரிபார்த்து எடுத்து வாருங்கள். குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தால், அடித்ததையும் எனக்குக் காட்டுங்கள்.